ரோடென் ஊரின் புகை

கீழே, ரோடென் ஊரில், ஒரு கூரையிலிருந்து புகை எழுந்தது.

மலைமேல் கோட்டை மதிலில் நின்ற தியெமோ பிரபு பார்வையை எடுக்கவில்லை. அந்த ஊரில் அடுப்பு மூட்ட ஒருவரும் உயிரோடு இல்லை. கொள்ளைநோய் பரவியபோது ஊரே குழந்தை குட்டிகளோடு மலையேறி வந்து கோட்டைக் கதவைத் தட்டியது. திறக்கக்கூடாது என்று உத்தரவிட்டவர் அவர்தான். மூன்று நாள் தட்டினார்கள். நான்காம் நாள் பனி பெய்தது.

நோய் எப்படியோ உள்ளேயும் வந்தது. மனைவி ஊட்டா போனாள், காவலர்கள் போனார்கள். அத்தனை பெரிய கோட்டையில் மிஞ்சியது அவரும் காரியஸ்தன் குன்ட்ராமும்தான். பேச்சுத் துணைக்காக, சாப்பிடும்போது அவனையும் தன் மேசையிலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

புகையைப் பற்றிச் சொன்னபோது, அது பனிமூட்டமாக இருக்கும் என்றான் குன்ட்ராம். ஆனால் அவன் கீழே பார்க்கவே இல்லை.

மதியத்துக்குள் எல்லாக் கூரைகளும் புகைந்தன. வெளிச்சம் மங்கத் தொடங்கிய வேளையில், கூடத்தில் கணப்பருகே உட்கார்ந்திருந்த பிரபுவுக்கு, உறைபனியை நொறுக்கிக்கொண்டு மலைப்பாதையில் ஏறிவரும் ஏராளமான கால்களின் ஓசையும், அதற்கு முன்பாகவே கதவிடுக்கில் நுழைந்துவிட்ட ஈரக் கம்பளியின் வாடையும், அதற்கடியில் தோண்டிய மண்ணின் வாடையும் வந்து சேர்ந்தன.

பிறகு தட்டும் சத்தம். மெதுவாக.

குன்ட்ராம் எழுந்தான்.

"போகாதடா," என்றார் பிரபு.

"அந்த மூணு நாளும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், பிரபு. இன்னொரு தடவ என்னால முடியாதுங்க."

படியிறங்கிப் போனான். தாழ்ப்பாள் நகர்ந்தது. அவன் திரும்பி வரவில்லை.

அவர்கள் வந்தார்கள்.

ஆண்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். இமைகளில் பனி. அந்தக் குளிரிலும் எந்த வாயிலிருந்தும் ஆவி வரவில்லை. கோபமில்லை. குற்றச்சாட்டில்லை. பிரபு எழ நினைத்தார். கால் அசையவில்லை.

முதலில் வந்த பெண் அவர்முன் மண்டியிட்டாள். குடிகள் தங்கள் பிரபுவுக்கு விசுவாசம் சொல்லும் முறைப்படி, கூப்பிய கைகளை அவருடைய இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்தாள். குளிர் அவர் முழங்கைவரை ஏறியது. அவள் எழுந்து ஒதுங்கி நின்றாள். அடுத்தவன் மண்டியிட்டான். அடுத்து ஒரு குழந்தை.

அவர் விரல்கள் நீலமாகியிருந்தன. மூடவும் முடியவில்லை, இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. கீழே, திறந்த கோட்டைக் கதவுக்கு வெளியே, மலைச்சரிவு நெடுக, வரிசை அமைதியாகக் காத்து நின்றது.