வெள்ளைத் தட்டு

குளம் முதலில் பச்சையானது ஆடியிலா ஆவணியிலா என்று மாதங்கியால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெருக்காரர் வைரக்கண்ணு சொன்னவற்றில் எது அவர் சொன்னது, எது அவளாகப் பின்னால் சேர்த்துக்கொண்டது என்பதிலும் சந்தேகம்தான். தட்டு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க, தினமும் காலையில் கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டைக் குளத்தில் இறக்குவது அவள் வேலை. சென்சார்கள் இருந்தன, ஆனால் தெரு மக்கள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்கள். கடல் கொண்டுபோன ஊருக்குப் பதிலாக எழுப்பிய மேட்டு நாகையில் தெருவுக்கு ஒரு குளம். குடிநீர் அதிலிருந்துதான். அன்று தட்டு ஒரு சாண் இறங்கியதுமே மறைந்தது. மழைக்கு முன் தெளியாவிட்டால் தெருவைக் காலி செய்து, மக்களைத் திசைக்கொருவராக அனுப்பிவிடுவார்கள்.

படியில் உட்கார்ந்திருந்த வைரக்கண்ணு டம்ளரிலிருந்து ஒரு வாய் காபியைத் தண்ணீரில் ஊற்றினார்.

"சர்க்கரை கம்மிதான், அஞ்சு. கோவிச்சுக்காத."

"அண்ணே, பாசிக்குத் தீனி வேற போடுறீங்களா?"

"எம் பொண்டாட்டி அஞ்சுக்குக் குடுக்குறேன். உனக்கு என்னவாம்?"

மேட்டு நாகையில் புதைக்க இடமில்லை, எரிக்க விறகில்லை. இறந்தவரை நீர்த்தகனத் தொட்டியில் கரைத்து, அந்த நீரைச் சொந்தத் தெருக் குளத்தில் சேர்த்தார்கள். அதையே வடித்துக் குடித்தார்கள். போனவர் வீட்டைவிட்டுப் போகவில்லை என்பதில் ஓர் ஆறுதல். இறந்தவர்கள் விட்டுச்சென்ற பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்துதான் சேற்றில் குவிந்து பாசியை வளர்த்தது.

"சேத்த அள்ளணும்ணே. இனிமே யாரையும் இதுல சேக்கவும் கூடாது."

ஒரு குடும்பம் மறுத்தாலும் சேற்றைத் தொட முடியாது. மற்றவர்கள் சம்மதித்துவிட்டார்கள். பாக்கி இவர் மட்டும். இவருடைய நுரையீரல் இந்த மழையைத் தாண்டாது என்பது தெருவுக்கே தெரியும்.

பாசிப்படலத்தில் ஒரு குமிழி உடைந்தது.

"நான் ஒரு ஆளு. என்னால என்ன ஆயிடும்?"

"எல்லாரும் இதத்தாண்ணே கேட்டாங்க."

"சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்குற நீ."

"சிரிக்கலண்ணே."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தண்ணீரைப் பார்த்தார்.

"அள்ளுற சேறு எங்க போவுது?"

"மேற்க. எள்ளு வயலுக்கு உரமா."

"யாரு வயலு?"

"நமக்குத் தெரியாதவங்க."

"அவ தனியா பஸ்ஸே ஏறினதில்ல." டம்ளரைப் படியில் கவிழ்த்தார். "என்னையும் அந்த வயல்லயே ஊத்திடு. நாளைக்கே அள்ளச் சொல்லு."

சேற்றை அள்ளினார்கள். மழைக்கு முன்பே தட்டு ஆள் ஆழத்தில் தெரிந்தது. தெரு தப்பியது. வைரக்கண்ணு கார்த்திகையில் இறந்தார். எள் வயலில் சேர்த்தார்கள். குளத்தோடு பேச இப்போது யாரும் வருவதில்லை. மாதங்கி தினமும் தட்டை இறக்குகிறாள். அவள் வீட்டுக்கு நல்லெண்ணெய் மேற்கிலிருந்து வருகிறது.