பட்டாம்பூச்சிக்குப் பின்னால் ஒரு வீடு

எங்கள் பள்ளிப் புகைப்படப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் கைதட்டல் வரும் என்று காத்திருந்து நீங்கள் ஏமாற வேண்டாம்.

போட்டியின் தலைப்பு ‘சின்னஞ்சிறு உலகம்’. எறும்பு, பூ, விதை என்று ஏதாவது ஒரு சின்னப் பொருளைப் படம் எடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு படம்தான் அனுப்பலாம். முதல் பரிசு, நிஜக் கேமரா! படம் எடுக்க அம்மாவின் செல்போனைக் கெஞ்சிக் கெஞ்சி வாங்குகிறவள் நான். கேமரா என்றதும் எனக்குத் தூக்கமே போய்விட்டது.

என்னிடம் செல்போனில் மாட்டுகிற கிளிப் லென்ஸ் உண்டு. தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியது. அதில் இரண்டு லென்ஸ்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகியிருக்கும். மேலே இருப்பதைக் கழற்றிவிட்டால் அது மேக்ரோ. எறும்பின் மீசைகூடத் தெரியும். ஆனால் பின்னால் இருப்பதெல்லாம் கலங்கிப்போகும். மேலே இருப்பதையும் சேர்த்து மாட்டினால் வைடு. எறும்பு கொஞ்சம் சின்னதாகிவிடும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் இடமும் படத்துக்குள் வந்துவிடும்.

“எப்சி, எங்க வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில ஒரு கூட்டுப்புழு இருக்குன்னு சொன்னேன்ல? கறுப்பாயிடுச்சுடி. நாளைக்குப் பட்டாம்பூச்சி வந்துடும்!” என்றாள் ரேஷ்மா. என் வகுப்புத் தோழி. அவள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்கரை ஓரத்தில் இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏரிக்கரை வீடுகளையெல்லாம் இடிக்கப் போகிறார்கள் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் நம்பரும் எழுதிவிட்டார்கள். ரேஷ்மா குடும்பத்துக்கு அரசாங்கம் ஒதுக்கியது, தள்ளி இருக்கும் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் ஒரு வீடு.

“லிஃப்ட்லயே போகலாம்டி” என்றாள் ரேஷ்மா. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பில்லை.

மறுநாள் காலையில் ஓடினேன். பழைய பெயின்ட் வாளியில் வளர்ந்த கறிவேப்பிலைச் செடியில், உடைந்த கூட்டைப் பிடித்தபடி பட்டாம்பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள். ஈரம் காயும்வரை அதனால் பறக்க முடியாது.

நான் லென்ஸைக் கழற்றி மேக்ரோ ஆக்கினேன். நிமிர்ந்து பார்த்தால், செடிக்குப் பின்னால் ரேஷ்மாவின் அம்மா சரசு ஆன்ட்டி பச்சைப் பட்டுப்புடவையில் நிற்கிறார்! பக்கத்தில் ரேஷ்மாவின் அப்பா சேட்டு அங்கிள், வெள்ளைச் சட்டையில், தலையை நனைத்து வாரிக்கொண்டு, விறைப்பாக நிற்கிறார். போட்டோ எடுக்க வருகிறேன் என்று ரேஷ்மா சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், தயாராகி வந்துவிட்டார்கள்.

“இங்க நிக்கட்டுமா கண்ணு? வூடு முழுசா வருதா?” என்றார் ஆன்ட்டி.

“மூச்சு விடலாமாம்மா?” என்றார் அங்கிள்.

“விடலாம் அங்கிள்” என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

படம் பிரமாதம்! இறக்கையின் ஈரம்கூடத் தெரிந்தது. கேமரா எனக்குத்தான் என்று குதித்தேன்.

ஆன்ட்டி செல்போனை வாங்கிப் பார்த்தார். பட்டாம்பூச்சிக்குப் பின்னால் ஒரு பச்சைத் தீற்றல், ஒரு வெள்ளைத் தீற்றல். வீடு இருந்த இடத்தில் வெறும் மங்கல்.

“இன்னாம்மா இது? நாங்க எங்க கீறோம்?” என்றார் அங்கிள்.

“அழுக்கு பட்டிருக்கும்” என்று ஆன்ட்டி திரையை முந்தானையால் துடைத்தார். தூக்கிப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

“அது துடைச்சாப் போகாது ஆன்ட்டி. இந்த லென்ஸ்ல பூச்சி மட்டும்தான் தெரியும்” என்றேன்.

“அப்படியா? பரவால்ல கண்ணு. பூச்சிதான முக்கியம்” என்று அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்த வூட்டுக்கு ஒரு போட்டோகூட இல்லம்மா. ஸ்கூல்ல நாலு பேரு பாப்பாங்கோ, இங்க ஒரு வூடு இருந்துச்சுன்னு தெரியும்னு நெனச்சோம்” என்றார் அங்கிள்.

நான் கழற்றிய லென்ஸைத் திரும்பத் திருகினேன்.

“அங்கிள், போகாதீங்க! ரேஷ்மா, நீயும் போய் நில்லு!”

வைடில் பூச்சியும் தெரிய வேண்டுமானால் அதை ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போனால் செல்போனின் நிழலே அதன்மேல் விழுந்தது. மண்ணில் குப்புறப் படுத்து, வெளிச்சம் வரும்படி பக்கவாட்டில் நகர்ந்து, ஒருவழியாக எடுத்தேன்.

பட்டாம்பூச்சி சின்னதாகத்தான் விழுந்தது. ஆனால் அதற்குப் பின்னால் எல்லாம் இருந்தது. வாளி, கதவு, சிவப்பு நம்பர், தகரக் கூரை, மூன்று பேர்.

வீட்டுக்கு வந்து இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கேமரா கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆன்ட்டி திரையைத் துடைத்த காட்சியும்தான். கடைசியில் வைடு படத்தை அனுப்பினேன்.

அடுத்த வாரம் வீட்டை இடித்தார்கள். ரேஷ்மா வாளியோடு செடியைத் தூக்கிக்கொண்டு போனாள். வகுப்பில் என் பக்கத்து இடம் காலியானது.

“இன்னும் க்ளோஸா எடுத்திருக்கலாமே எப்சி? பேக்ரவுண்ட் ரொம்ப டிஸ்டர்பன்ஸா இருக்கு” என்றார் போட்டியை நடத்திய ஜெரோம் சார்.

டிஸ்டர்பன்ஸாம்! எனக்கு வந்ததே கோபம். மேக்ரோ படத்தைக் காட்டினேன்.

“அடடா! இதை அனுப்பியிருந்தா கேமரா உனக்குத்தான்!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

கேமரா ஜெஃப்ரிக்குப் போனது. அவன் எடுத்தது ஒரு பனித்துளி. பின்னால் ஒன்றுமே இல்லை, வெள்ளையடித்த சுவர் மாதிரி சுத்தம்.

படங்களைப் பள்ளியில் காட்சிக்கு வைத்த நாளில், பஸ் மாறி மாறி மூன்று பேரும் வந்தார்கள். ஆன்ட்டி அதே பச்சைப் பட்டு. என் படம் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு மூலையில் மாட்டியிருந்தது.

ஆன்ட்டி படத்திலிருந்த கதவை விரலால் தடவினார்.

“அந்த நம்பரும் தெரியுது பாரு” என்றார்.

“தெரியட்டும்” என்றார் அங்கிள்.

ரேஷ்மா என் காதருகில், “இன்னொரு படத்தையே அனுப்பியிருக்கலாம்லடி?” என்றாள்.

“அதுல நீங்க இல்லையே.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வீட்டை இடித்தவர்கள் ஒருவரும் அந்தக் குழாய்க்குத் தண்ணீர் குடிக்க வந்து இந்தப் படத்தைப் பார்க்கப்போவதில்லை.

ஆனால் வந்தவர்களை அங்கிள் விடவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“சார், ஒரு நிமிசம். இத்த பாருங்கோ. இதான் எங்க வூடு.”

பட்டாம்பூச்சியை அவர் ஒருவருக்கும் காட்டவேயில்லை.