சட்டைப்பைக்குள் ஒரு குரல்

நாச்சம்மை ஒவ்வொரு கேமராவையும் தன் பினஃபோர் பைக்குள் போட்டுப் பார்த்தாள்.

முதல் கேமரா பையைக் கிழித்துவிடும் போலக் கனத்தது. இரண்டாவதில் பதினேழு பொத்தான்கள் இருந்தன. எதை அழுத்தினாலும் அது வேறொரு கேள்வியைக் கேட்டது. மூன்றாவது கேமரா ஒரு சோப்புக்கட்டியின் அளவே இருந்தது. ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் பதியும், மறுபடி அழுத்தினால் நிற்கும். பைக்குள் போட்டதும் அது அங்கே இருப்பதே தெரியவில்லை.

"இதுதான், அங்கிள்," என்றாள்.

இராமலிங்கம் அங்கிள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பழைய கேமராக்களும் வானொலிகளும் விற்பவர். அவர் தலையைச் சொறிந்தார். "நல்லா யோசிச்சியா? அது ரொம்ப சிம்பிள் லா."

"எனக்கு சிம்பிள்தான் வேணும். மோனோரயில் திரும்புறத எடுக்கணும். தாரா தூக்கத்துல பேசுறத எடுக்கணும். அதுக்கு எதுக்கு பதினேழு பட்டன்?"

"நான் ஒண்ணும் தூக்கத்துல பேச மாட்டேன்," என்றாள் தங்கை தாரா.

"நேத்து, ரொட்டி சானாய் பறக்குதுன்னு சொன்ன."

வாசலில் நின்ற அப்பா சோலையப்பன் சிரித்தபடி தலையசைத்தார். மகளின் பதினோராவது பிறந்தநாளுக்குக் கேமரா வாங்கித் தருவதாக அவர் வாக்களித்திருந்தார். கைப்பேசி என்ற பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை.

வெளியே வந்த நாச்சம்மை, கடையின் பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள். ‘பழைய கேமரா விற்க்கப்படும்’ என்று அதில் எழுதியிருந்தது.

"அங்கிள், ‘ற்’ பக்கத்துல ‘க்’ வராது. ‘விற்கப்படும்’னுதான் எழுதணும்."

"பத்து வருசமா தொங்குது. ஒரு ஆளும் சொல்லலையே."

பத்து ஆண்டுகள். அந்தத் தெருவில் எத்தனை படித்தவர்கள் நடந்திருப்பார்கள். ஒருவர் கண்ணிலுமா அது படவில்லை?

அன்று மாலை நான்கு மணிக்கே வானம் இருண்டது. மழை அவர்களின் அடுக்குமாடி வீட்டுச் சன்னல்களை அறைந்தது. மின்சாரம் போய்விட்டது. அம்மா மெழுகுவர்த்தி தேடப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். அறைக்குள் நாச்சம்மையும் தாராவும் மட்டும் இருந்தார்கள்.

"அக்கா, உள்ள ஏற்கெனவே ஏதோ ஒரு படம் இருக்கு," என்றாள் தாரா.

நாச்சம்மை அதை ஓடவிட்டாள். திரை முழுவதும் இருட்டு. துணி உரசுவது போல ஒரு சத்தம். அதன் பிறகு மூச்சு. யாரோ மிக அருகில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

தட்... சர்ர். தட்... சர்ர். ஒரு கால் ஊன்றியது. மற்றொரு கால் இழுபட்டது.

பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஓர் ஆண்குரல் கேட்டது.

"ஓம்... ஓம்..."

தாரா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மந்திரம் சொல்லுது."

"ஓம்... வாறன்... பின்னால வாறன்..."

"யாரு வரானாம்?" என்று தாரா கிசுகிசுத்தாள்.

"படியில நிக்கிறன்..."

"அக்கா, படியில நிக்கிறானாம். நிறுத்து."

நாச்சம்மை பொத்தானை அழுத்தினாள். திரை அணைந்தது.

தட்... சர்ர். தட்... சர்ர்.

கேமரா நின்றுவிட்டது. காலடிச் சத்தம் நிற்கவில்லை. அது கதவுக்கு வெளியே, மாடிப்படியில் கேட்டது. மெல்ல மெல்ல மேலே ஏறியது. அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் ஏறி, மழைச் சத்தத்துக்குள் கரைந்து போனது.

அன்றிரவு தாரா தூக்கத்தில் பேசவே இல்லை. அவள் தூங்கினால்தானே பேசுவதற்கு?

மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும், "அழிச்சிடு, அக்கா," என்றாள் தாரா. "அழிச்சிட்டா அவன் போயிடுவான்."

நாச்சம்மைக்கும் அதுவே நல்லதென்று பட்டது. இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்த கேமராவைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்க அவளுக்கு மனமில்லை. ‘அழிக்கவா?’ என்று திரை கேட்டது. விரல் பொத்தான்மேல் இருந்தது. கடைசியாக ஒரு தடவை மட்டும் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

இன்று மழை இல்லை. நேற்று காதில் விழாத ஒரு சொல் இன்று விழுந்தது.

"ஓம்... நான் வாறன்..."

நாச்சம்மை நிமிர்ந்தாள். "தாரா, ‘நான்’னு சொல்றாரு."

"அதுக்கு?"

"‘அவன்’னா ‘வரான்’. ‘நான்’னா ‘வரேன்’. ‘நான் வரான்’னு யாராவது சொல்வாங்களா?"

"பேய்க்கு இலக்கணம் தெரியாது," என்றாள் தாரா உறுதியாக.

நாச்சம்மைக்கு அந்தப் பதில் போதவில்லை. எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகாத வாக்கியம் அவள் காலில் தைத்த முள். எதிர்வீட்டுக் கிருஷாந்தைக் கூப்பிட்டாள். அவனும் அவள் வகுப்புதான். குரலைக் கேட்டதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இதுக்கா பயந்தீங்க? எங்க வீட்ல பெரியவங்க இப்படித்தான் பேசுவாங்க. யாழ்ப்பாணத்துப் பேச்சு. ‘ஓம்’னா ஆமா. ‘வாறன்’னா வரேன்."

"அப்போ ‘படியில நிக்கிறன்’?"

"படியில நிக்கிறேன்."

நாச்சம்மை யோசித்தாள். "அப்படின்னா இவரு யாரையும் பயமுறுத்தல. யாரோ கூப்பிடுறாங்க. இவரு பதில் சொல்றாரு."

கிருஷாந்தின் சிரிப்பு திடீரென நின்றது.

தட்... சர்ர். தட்... சர்ர்.

இந்த முறையும் அது கேமராவிலிருந்து வரவில்லை.

தாரா கட்டிலின்மேல் ஏறிக்கொண்டாள். நாச்சம்மைக்கும் பயம்தான். ஆனாலும் கதவருகே போனாள். அம்மா சமையலறையில் இருக்கிறார் என்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கதவைத் திறந்தாள்.

மின்தூக்கி வாரக்கணக்கில் பழுதாகிக் கிடந்ததால், எல்லாரும் படியேறித்தான் போய்வந்தார்கள். மங்கிய வெளிச்சத்தில் உயரமான ஒரு பெரியவர் ஏறி வந்தார். இரண்டு மாதங்களுக்கு முன் ஐந்தாம் மாடிக்குக் குடிவந்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். அவர் பேசி யாரும் கேட்டதில்லை. வலக்காலின் செருப்பு தரையில் இழுபட்டது.

"அங்கிள்," என்றாள் நாச்சம்மை.

பெரியவர் நின்றார். அவர் அவளையே பார்த்தார்.

"ஓடிரலாம்," என்று பின்னாலிருந்து கிருஷாந்த் முணுமுணுத்தான்.

நாச்சம்மை ஓடவில்லை. கேமராவை உயர்த்திப் பிடித்து, பொத்தானை அழுத்தினாள்.

"ஓம்... ஓம்... நான் வாறன்..."

கைப்பிடியைப் பற்றியிருந்த அவர் கை அப்படியே உறைந்தது. உதடுகள் அசைந்தன. கேமராவிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் அவை சரியாகப் பொருந்தின. ஆனால், அந்த வாயிலிருந்து ஒலி ஏதும் வரவில்லை.



மேல்மாடியில் ஒரு கதவு படாரெனத் திறந்தது. "ஆரது? இப்ப ஆர் கதைச்சது?"

ஒரு பெண்மணி விரைந்து இறங்கி வந்தார். கையில் தேநீர்க் கரண்டியை வைத்திருப்பதையே அவர் மறந்திருந்தார். பெரியவரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொருக்காப் போடு, பிள்ளை," என்றார்.

அவர் பெயர் மார்க்கிரட். பெரியவர் அவருடைய கணவர் கந்தப்பு.

"தொண்டையில ஒப்பரேசன் செய்து மூண்டு வருசம்," என்றார் மார்க்கிரட் ஆன்டி. "அதோட குரல் போயிட்டுது. முந்தி நாங்கள் இருந்த ஷா ஆலத்தில வெள்ளம் வந்து பழைய வீடியோ எல்லாம் போச்சு. இந்தக் கேமரா அலுமாரிக்கு மேல கிடந்தது. உள்ள ஒண்டும் இல்லையெண்டு கடையில குடுத்திட்டன்." அவர் கணவரின் பக்கம் திரும்பினார். "ஒப்பரேசனுக்கு முன்னம், ஒரு கலியாண வீட்டில நான் கீழ நிண்டு கூப்பிட்டனான். இவர் கேமராவை நிப்பாட்டாமல் பைக்குள்ள போட்டிருக்கிறார்."

கொஞ்ச நேரத்துக்கு முன் தன் விரல் சற்றே அழுந்தியிருந்தால் இந்தக் குரல் அழிந்தே போயிருக்கும் என்று நாச்சம்மை நினைத்துக்கொண்டாள்.

"குடுத்துடு, அக்கா," என்று கதவிடுக்கிலிருந்து தாரா சொன்னாள்.

நாச்சம்மை கேமராவை நீட்டினாள். மோனோரயிலை ஒருமுறைகூட எடுக்கவில்லையே. விரல்கள் அதை விட மறுத்தன.

"வேண்டாம், பிள்ளை. நீ ஆசையா வாங்கினது," என்றார் ஆன்டி.

அப்போதுதான் நாச்சம்மைக்குப் பொறி தட்டியது. கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, நகத்தின் அளவே இருந்த நினைவட்டையை வெளியே எடுத்தாள்.

"குரல் இதுக்குள்ளதான் இருக்கு, ஆன்டி. உங்க போன்ல இத சொருக எடம் இருக்கா?"

இருந்தது. கிருஷாந்த் அதைக் கவனமாகப் பொருத்திக் கொடுத்தான். படியெங்கும் அந்தக் குரல் மறுபடி ஒலித்தது. இம்முறை ஒருவரும் நடுங்கவில்லை. மார்க்கிரட் ஆன்டி கரண்டியைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புது அட்டை வாங்கினதும் உங்களதான் முதல்ல எடுப்பேன். எடுக்கலாமா, அங்கிள்?" என்று கேட்டாள் நாச்சம்மை.

கந்தப்பு அங்கிள் சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். முத்து முத்தான எழுத்தில் எழுதிக் காட்டினார்:

‘ஓம்.’

மறுநாள் இராமலிங்கம் அங்கிளின் கடையில் அப்பா புதிய அட்டை வாங்கித் தந்தார். பலகையில் அந்த ‘க்’மேல் கறுப்பு நாடா ஒட்டப்பட்டிருந்ததை நாச்சம்மை கவனிக்கத் தவறவில்லை.

அன்று மாலை படியில் நின்று சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். தட்... சர்ர். கந்தப்பு அங்கிள் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் தாரா, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டார். "தாரா, சாப்பிட வா."

தாரா குரலைக் கனமாக்கிக்கொண்டாள்.

"ஓம்... ஓம்... நான் வாறன்... பின்னால வாறன்..."

கந்தப்பு அங்கிளின் தோள்கள் குலுங்கின. ஒலியே இல்லாத அந்தச் சிரிப்பு, நாச்சம்மையின் கேமராவில் முதல் படமாகப் பதிந்தது.