தர்ஷிணியின் களைப்பு

தர்ஷிணி ஓடி முடித்தபோது துளசிமணிக்கு மூச்சு வாங்கியது.

கோயம்புத்தூர் அவினாசி சாலையில் இருந்த ஏற்பகத்தின் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். பிடரியில் ஒட்டியிருந்த பட்டை இளஞ்சூடாக இருந்தது. ஊரின் இன்னொரு மூலையில் யாரோ ஒருத்தி ஓடுகிறாள். தொடை கடுப்பது இவளுக்கு. அந்தக் கூடம் முழுவதும் அப்படித்தான். ஒரு கட்டிலில் ஒரு வக்கீலின் கோர்ட்டு வாதம் படுத்துக் கிடந்தது. அடுத்த கட்டிலில் யாரோ ஒருவரின் டென்னிஸ் ஆட்டம் புரண்டு புரண்டு முனகியது.

அயர்வுமாற்றி வந்த பிறகு வசதியுள்ளவர்கள் யாரும் களைப்பதில்லை. உழைக்கிற தசைகள் ரத்தத்தில் கலக்கும் செய்திகளை அவர்களின் பட்டை படித்து அழித்துவிடும். கூலிக்குக் களைப்பை ஏற்பவரின் பட்டை அதே செய்திகளை அவர் உடம்பில் எழுதிவிடும். கொடுத்தவர்கள் விடிய விடிய ஆடிவிட்டுப் பளிச்சென்று அலுவலகம் போனார்கள். களைப்பு என்பது ஏழைகளின் சமாச்சாரமாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை கொட்டாவி விட்டதால் சம்பந்தமே முறிந்த கதையும் உண்டு.

நூற்பாலை மூடிய பிறகு துளசிமணி இந்த வேலைக்கு வந்தாள். ஏற்பவரும் கொடுப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. பம்புசெட் கம்பெனிக்காரர் மகள், பெயர் தர்ஷிணி, ஆண்டுதோறும் நடக்கும் குன்னூர் மலையோட்டத்தில் ஜெயிப்பவள் என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் அவள் உடம்பை இவளுக்கு நன்றாகத் தெரியும். இடது குதிகால் எப்போது வலிக்கும், எந்த மேட்டில் ஓட்டத்தைக் குறைத்து ஏமாற்றுவாள் என்பதெல்லாம் அத்துப்படி.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது காரமடை பஸ் கிளம்பிவிட்டது. அதை விட்டால் வெகுநேரம் நிற்க வேண்டும். துளசிமணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஏதோ யோசனையில் ஓடியவள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பஸ் பின்னால் வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி அவளையே பார்த்தார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, மூச்சு வாங்கவே இல்லை.

மறுநாள் ஏற்பகத்து மருத்துவரிடம் கேட்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, அவள் காலைச் சோதித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"களைப்புங்கறது கழிவு இல்லம்மா, கட்டளை. 'இன்னைக்கு என் பலம் பத்தல, நாளைக்குள்ள இன்னும் கொஞ்சம் கட்டு'ன்னு தசை எழுதற கட்டளை. அதைப் படிக்கற உடம்பு கட்டிக்கும். இத்தனை வருஷமா படிச்சது நீங்க."

"அப்ப அந்தம்மா உடம்பு?"

"அங்க படிக்கறதுக்கு ஒண்ணுமே போகலியே."

துளசிமணிக்குக் கோபம் வரும் என்று அவர் நினைத்திருக்கலாம். அவளுக்கு வந்தது சிரிப்பு. தன் தொடையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். இத்தனை நாளும் மற்றவளின் பாரம் என்று நினைத்துச் சபித்தது, தனக்கான சொத்தாக உள்ளே சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

அன்றே மலையோட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். ஏற்பகத்து மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அன்றைக்குத்தான் தர்ஷிணியும் ஓடுகிறாள், துளசிமணி பட்டையைக் கழற்றினால் வேலை போய்விடும் என்றார். கழற்ற மாட்டேன் என்றாள் இவள். பட்டை பிடரியில் இருக்க வேண்டும் என்றுதான் விதி, உடம்பு கட்டிலில் கிடக்க வேண்டும் என்று இல்லையே என்றாள். மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். ஏற்கும் நேரத்தில் எழுந்து நடந்த ஆளையே அவர் பார்த்ததில்லை.

அவள் எழுந்து நடந்தாள். முதல் நாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு எதையும் பிடிக்காமல். பக்கத்துக் கட்டில் கனகா தன் வக்கீலின் சோர்வோடு தலையைத் தூக்கிப் பார்த்து, "பயமா இல்லீங்களாக்கா?" என்றாள். பயமாகத்தான் இருந்தது. வேலை போனால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது. ஆனாலும் கால்கள் கேட்கவில்லை.

ஓட்டம் கல்லாற்றில் தொடங்கியது. பளபளக்கும் உடுப்புகளுக்கு நடுவே துளசிமணி பழைய சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாக நின்றாள். ஆண்டுக்கு ஆண்டு முதலிடக்காரர் மலையேற எடுத்துக்கொண்ட நேரம் கூடிக்கொண்டே போயிருந்தது. எல்லாரும் சேர்ந்தே மெதுவானதால் யாரும் கவனிக்கவில்லை; ஷூவைக் குறை சொன்னார்கள், வெயிலைக் குறை சொன்னார்கள்.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே இரண்டு பேரின் களைப்பும் ஒன்றாக வந்து அவள் மேல் விழுந்தது. முன்னால் ஓடுகிற தர்ஷிணியினுடையது ஒன்று, தன்னுடையது ஒன்று. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தர்ஷிணியின் களைப்பு பழகியது, அதன் குணம் தெரியும். தன் களைப்பைத்தான் அவள் மறந்தே போயிருந்தாள். பாக்கு மரங்கள் முடிந்து குளிர்ந்த காற்று வந்தபோது அதையும் அடையாளம் கண்டுகொண்டாள். ஒவ்வொருவராகத் தாண்டினாள்.

பர்லியாறு தாண்டியதும் பிடரிப்பட்டை சட்டென்று குளிர்ந்தது. பாதி பாரம் இறங்கிவிட்டது. வளைவில் திரும்பினால், சாலையோரச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வியர்வை இருந்தது, வாட்டம் இல்லை. தன் கால்களை, பழுதான யந்திரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டயர்டாவே இல்ல, ஆனா கால் எந்திரிக்கவே மாட்டேங்குது" என்றாள் துளசிமணியைப் பார்த்து. குரலில் பயம் தெரிந்தது. "நீங்க யாரு?"

"உங்க களைப்பையெல்லாம் வாங்கினவ நாந்தானுங்க."

தர்ஷிணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. துளசிமணி தன்னிடமிருந்த தண்ணீரை அவள் கையில் கொடுத்துவிட்டு, உதவிக்கு ஆள் வரும் வரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு ஓடினாள். குன்னூர் பஸ் நிலையத்தருகே கட்டியிருந்த நாடாவை அவள் அறுத்தபோது அங்கே கூட்டமே சேர்ந்திருக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் ஓர் ஆள் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அத்தனையும் தன் மூச்சு. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே ஒரு சிரிப்பும்.

களைப்புதான் பலம் என்ற சேதி பரவியதும் ஏற்பகங்களில் கட்டில்கள் காலியாயின. கனகா சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். பலர் காவல்துறைக்கும் விளையாட்டு அணிகளுக்கும் போனார்கள். இதற்கிடையில் அயர்வுமாற்றிக் கம்பெனி சும்மா இருக்கவில்லை. பட்டையைத் திருப்பி மாட்டக் கற்றுக்கொடுத்தது. இப்போது வசதியுள்ளவர்கள் பலம் கூட வேண்டிக் களைப்பு வாங்க அலைந்தார்கள். செங்கல் சூளையிலும் காய்கறி மண்டியிலும் உழைப்பவர்களிடம் பேரம் பேசினார்கள்.

கேள்விப்பட்டதும் துளசிமணி மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்குப் போனாள். கொடுக்காதீர்கள், அது உங்கள் பலம் என்று மூட்டை தூக்குபவர்களிடம் மன்றாடினாள். ராசப்பன் என்பவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நெசந்தானுங்க அம்மிணி. ஆனா அதைக் குடுக்க ஆரம்பிச்ச பொறகு, இப்பத்தான் பொழுதோட வீட்டுக்குப் போயி புள்ளைங்ககிட்ட சிரிச்சுப் பேசறேன். அதையும் விடச் சொல்றீங்களா?"

ஏற்பகத்திலிருந்து வீட்டுக்குப் போன சாயங்காலங்களில், பேசவும் தெம்பில்லாமல் சுருண்டு படுத்தது துளசிமணிக்கு நினைவுக்கு வந்தது. அன்று அவர்கள் நெடுநேரம் பேசினார்கள். காலை மூட்டைகளின் களைப்பைத் தாங்களே வைத்துக்கொள்வது, உடம்பை உடைக்கிற பிற்பகல் களைப்பை மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

அந்தப் பிற்பகல் களைப்பை முதல் ஆளாக வாங்கியவர் மண்டி முதலாளியேதான். பட்டையை ஒட்டிக்கொண்டு, குளிரூட்டிய கண்ணாடி அறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். மதிய லாரிகள் வந்தன. வெளியே ராசப்பனும் மற்றவர்களும் அசராமல் மூட்டைகளை ஏற்றினார்கள். முதலில் முதலாளி சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பிறகு எழுந்து நின்றார். பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றியபடி தள்ளாடி வெளியே வந்தார்.

"இத்தனை கனமா ஏத்தறீங்க? மனுசன் ஒடம்பா என்ன இது?" என்றார், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்க. "நாளையிலிருந்து மூட்டை பாதி எடைதான். இப்ப எல்லாரும் கொஞ்சம் உட்காருங்கப்பா."

மண்டியில் அப்படியொரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. ராசப்பன் துளசிமணியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முகம் மாறாமல் சொன்னார்:

"எங்களுக்குக் களைப்பே இல்லீங்க மொதலாளி. நீங்க வேணா உட்காருங்க."