தழும்பில்லாத எலும்பு

படத்தில் முறிவைக் காணவில்லை.

அவள் முதலில் பெயரைப் பார்த்தாள். கணவரின் பெயர்தான். நேரத்தைப் பார்த்தாள். மதியம் பன்னிரண்டு பத்து, சற்று முன் அவளே எடுத்தது. இருபத்தோரு வருஷமாக இந்த எலும்பு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் நின்று பழகியவளுக்கு, உடைந்த எலும்பு எவ்வளவு நன்றாகக் கூடினாலும் கூடிய இடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரியும். ஒட்டுப்போட்ட துணியைப் போல ஒரு தடிப்பு, ஒரு மங்கல், கொஞ்சம் கோணல், ஏதாவது ஒன்று இருக்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட் குழியில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் எலும்பு தூளாகிவிட்டது. அந்த இடைவெளியில் கல்லுப்பு அளவில் செயற்கை எலும்புத் துண்டுகளை நிரப்பி, மேலே ஒரு பிளேட்டும் ஏழு திருகும் வைத்து மூடியிருந்தார்கள். பிளேட் இருந்தது. ஏழு திருகும் இருந்தன. அவற்றுக்கு அடியில், ஒருநாளும் உடையாத எலும்பு மாதிரி ஓர் எலும்பு.

டாக்டர் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பிரமாதம்மா. இத கான்ஃபரன்ஸ்ல போட்டுக் காட்டலாம் போல."

"மூணு மாசத்துல இவ்வளவு எப்படி சார்? ஒரு கோடுகூட இல்லையே."

"வீட்டுச் சாப்பாடு அப்படி!" என்றார். அவள் சிரிக்காததைக் கண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க பாரு. எலும்புக்குள்ள ரெண்டு வகை செல் இருக்கு. ஒண்ணு பழசைத் தின்னும். இன்னொண்ணு பின்னாலயே வந்து புதுசாக் கட்டும். நாம வைக்கிற துண்டை அதுங்க மொதல்ல தொட்டுப் பாக்கும். வழவழன்னு இருந்தா ஒட்டாது, ஒதுக்கி வச்சிரும். சொரசொரன்னு இருந்து, ஓட்டையும் சரியான அளவுல இருந்துச்சுன்னா, நம்ம எடம்தான்னு உள்ள குடியேறிடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அந்தத் துண்டைத் தின்னுட்டு, அந்த எடத்துல சொந்த எலும்பக் கட்டிரும். உங்க வீட்டுக்காரருக்குச் சீக்கிரம் புடிச்சுப்போச்சு, அவ்வளவுதான். வலி இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

அவர் போன பிறகு அவள் படத்தைப் பெரிதாக்கினாள். எலும்பின் வெளிச்சுவர் கெட்டியான வெள்ளையாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. புள்ளி புள்ளியாக, அளந்து துளைத்ததுபோல ஒரே அளவில் ஓட்டைகள். ஆபரேஷன் அன்று எடுத்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நிரப்பிய துண்டுகளில் இருந்த அதே ஓட்டைகள், அதே அளவு, அதே இடைவெளி. அன்றைக்கு நான்கு சென்டிமீட்டர். இன்றைக்கு முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும்.

துண்டு எலும்பாக மாறவில்லை. எலும்புதான் துண்டாக மாறியிருந்தது.

மெஷினில் கோளாறு இருக்கலாம் என்று தன் கையையே வைத்து ஒரு படம் எடுத்தாள். சுத்தமாக இருந்தது. சரக்கில் கோளாறு இருக்கலாம் என்று கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்து, அதே பெட்டியிலிருந்து வேறு யார் யாருக்கு வைத்தார்கள் என்று தேடினாள். நான்கு பேர். நான்கு பேரின் படத்திலும் தடிப்பு இருந்தது, மங்கல் இருந்தது, அழகான அசிங்கமான தழும்பு இருந்தது. டாக்டர் எதையாவது மறைக்கிறாரோ என்று இரண்டு நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எப்போதும்போல டீயை ஆறவிட்டு மறந்துபோனார், எப்போதும்போல நர்ஸைத் திட்டினார். அங்கே ஒன்றுமில்லை.

மிச்சம் இருந்தது வீடு.

வீட்டில் அவர் ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டு நடந்தார். நடந்தபோதுதான் அவள் கவனித்தாள், காலடிச் சத்தம் மாறியிருந்தது. முன்பெல்லாம் அவர் மாடிப்படி ஏறினால் கீழ்வீட்டுக்காரர் கேலி பண்ணும் அளவுக்குத் தொம் தொம் என்று கேட்கும். இப்போது காலிப் பெட்டியைத் தரையில் வைத்ததுபோல ஒரு சின்னச் சத்தம், அதற்குள் இன்னொரு சின்ன எதிரொலி. கட்டிலில் உட்கார்ந்தால் கட்டில் முனகுவதில்லை. ஒருநாள் குளித்துவிட்டு வந்தவரை விளையாட்டுக்குச் சொல்வதுபோல எடைமெஷினில் ஏற்றினாள். முள் நாற்பத்தொன்பதில் நின்றது. ஆபரேஷனுக்கு முன் எழுபத்தாறு. கன்னம் அதே கன்னம், தொப்பை அதே தொப்பை.

"மெஷின் ரிப்பேரு," என்றார் அவர்.

"இருக்கும்," என்றாள்.

அவர் தூங்கப்போன பின் அவள் ஏறிப் பார்த்தாள். அறுபத்திரண்டு. அவளுடைய சரியான எடை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சாப்பிட்ட களைப்பில் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, கலைந்த போர்வையைச் சரிசெய்யக் குனிந்தவள் அப்படியே நின்றாள். நனைந்த சுண்ணாம்பின் வாசனை வந்தது, பல் டாக்டரிடம் பல்லைக் குடையும்போது வருமே, அந்தக் கருகல் நெடியும் கொஞ்சம் கலந்து. அதோடு ஒரு சத்தம். மிக மெல்லிசான, வறண்ட, விடாத சத்தம். தரையில் சிந்திய சர்க்கரையை யாரோ செருப்புக் காலால் மிதித்து மிதித்து நடப்பதுபோல. குறட்டை இல்லை. பல்லைக் கடிக்கவும் இல்லை. வாய் லேசாகத் திறந்துதான் இருந்தது. அவர் மார்பருகே காதைக் கொண்டுபோனாள். அங்கேயும் கேட்டது. இடுப்பருகே கேட்டது. கையருகே கேட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். சத்தம் நின்றது.

"என்ன படக்காரி, என்னைய மோந்து பாக்குற?"

படக்காரி என்பது கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் குழையும். குழைந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் சிரித்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் துணி துவைக்கப் போட்டபோது, தண்ணீர் விழும் முன்பே மெஷினுக்குள் ஏதோ கணகணவென்று உருண்டது. கையை விட்டு எடுத்தாள். ஒரு திருகு. லிஃப்ட் வேலைக்கு ஆகிற இரும்புத் திருகு இல்லை. சாம்பல் நிறம், தலையில் அறுகோணப் பள்ளம், ஆஸ்பத்திரித் திருகு. ரத்தம் இல்லை. ஈரம்கூட இல்லாமல் அதன் மரைக்குள் வெள்ளைப் பொடி அடைந்திருந்தது.

"இது எங்க இருந்து வந்துச்சு?"

"டூல் பாக்ஸ்ல இருந்து விழுந்திருக்கும்."

"காலைக் காட்டுங்க."

அவர் மறுக்கவில்லை. பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினார். தோலில் காயம் இல்லை. ஆபரேஷன் தையலின் தழும்பும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பயத்தோடு அல்ல, பழைய ஆசையோடுதான். அவருடைய இடது தோளுக்கு முன்னால், காறை எலும்பில் ஒரு புடைப்பு உண்டு. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில், ஆள் வைக்கலாம் என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல் பீரோவைத் தனியாகத் தூக்கி, படியில் சறுக்கி, எலும்பை உடைத்துக்கொண்டார். அது கோணலாகக் கூடியது. பத்தொன்பது வருஷமாகச் சண்டை போட்டுச் சமாதானமாகும் போதெல்லாம் அவள் விரல் தானாக அந்தப் புடைப்பின்மேல் போய் நிற்கும். அதுதான் அவர்களுக்குள் மன்னிப்பு.

விரலை வைத்தாள். தேடினாள். வழவழவென்று, நேராக.

"புடைப்பு எங்க?"

"எந்தப் புடைப்பு?"

"பீரோ தூக்கினீங்களே. படியில விழுந்தீங்களே."

அவர் அவளைப் பார்த்தார். எதிரில் இருப்பவர் எப்போது சிரிப்பார் என்று காத்திருந்து, அவரோடு சேர்ந்து சிரித்துவிடலாம் என்று நினைக்கிறவரின் பார்வை. அவள் உதட்டை இழுத்துச் சிரித்துக் காட்டினாள். உடனே அவரும் சிரித்தார்.

டாக்டர் சொன்னதை அவள் மறுபடி நினைத்துப் பார்த்தாள். தொட்டுப் பார்க்கும். பிடித்தால் குடியேறும். பழசைத் தின்னும். எது பழசு, எது சொந்தம் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? தவறுதலாகக் கணக்குப் போட்டுவிட்டால்? உள்ளே வைத்த துண்டை நாம் என்றும், அதைச் சுற்றி இருந்த மனிதரை அந்நியம் என்றும் நினைத்துவிட்டால்?

மறுநாள் டாக்டரிடம் சொன்னாள். நாத்தனாரிடமும் போனில் சொன்னாள். டாக்டர் அடுத்த மாதம் ஸ்கேன் பார்க்கலாம் என்றார். நாத்தனார், "அண்ணன் நடமாட ஆரம்பிச்சிட்டாரேன்னு சந்தோஷப்படுங்க அண்ணி," என்றாள்.

அடுத்த ஞாயிறு, பகல் மூன்று மணிக்கு, அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். வெளிநோயாளிப் பிரிவு பூட்டிக் கிடந்தது. காவலாளி அவளைக் கண்டு தலையாட்டினார். ஏன், எதற்கு, ஞாயிற்றுக்கிழமையில் என்ன செக்கப் என்று கணவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே பத்துச் சாக்குச் சொல்கிற மனிதர். அமைதியாகப் பின்னால் வந்தார். நீண்ட வராந்தாவில் அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

மேஜையில் படுக்க வைத்தாள். ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கால். பிளேட் இல்லை. திருகு ஒன்றுகூட இல்லை. ஓட்டைகள்.

இடுப்பு. ஓட்டைகள்.

"மூச்சை இழுத்துப் புடிங்க."

மார்பு. விலா ஒவ்வொன்றும் ஒரே தடிமன், ஒரே வளைவு, அச்சில் வார்த்ததுபோல. காறை எலும்பு ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு.

அவள் மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டாள். நான்கு நிமிஷம் கழித்து ஞாபகம் வந்தது. அவர் அப்படியே இருந்தார்.

"விட்டுருங்க."

விட்டார்.

தலை மட்டும் பாக்கி. அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, பலகையில் முகத்தைப் பதித்து, பின்னந்தலையைத் தொட்டு நேராக்கினாள். முடி வெதுவெதுப்பாக இருந்தது. அவருடைய முடிதான். எண்ணெய் வாசனை.

"ஆடாதீங்க."

கண்ணாடிக்குப் பின்னால் வந்தாள். அழுத்தினாள்.

திரை ஒரு விநாடி கறுப்பாக இருந்தது. பிறகு மேலிருந்து கீழாக, வரி வரியாக, வெள்ளை இறங்கியது. நெற்றி. நெற்றிக்குக் கீழே நெற்றி.

அவள் மேலும் கீழும் தேடினாள். கண்குழிகள் இல்லை. மூக்குத் துவாரம் இல்லை. பல் இல்லை. மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவில் ஒரு கோடு இல்லை. உச்சியிலிருந்து மோவாய் வரை இடைவெளியே விடாமல், முட்டை மாதிரி, ஒரே எலும்பு. ஒரே அளவு ஓட்டைகள்.

ஸ்டூல் கிரீச்சிட்டது.

அவர் திரும்பி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தது. உள்ளே நாக்கு தெரிந்தது, பற்கள் தெரிந்தன.

"நல்லா விழுந்திருக்கா?"

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இடப்பக்கம் ஒரு அடி நகர்ந்தாள். கண்கள் அவளோடு நகர்ந்தன. வலப்பக்கம் நகர்ந்தாள். நகர்ந்தன. இமைத்தன. வாய் மூடவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தது. இன்னும் கொஞ்சம்.