முப்பத்தாறு லிட்டர்

காலை ஐந்தரைக்கு முட்டம் துறைமுக வாசலில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை, எண்ணெய்த் தொட்டியைத் திறந்து காட்டுவது. அது காலியாக இருக்க வேண்டும். ஒரு சொட்டுகூட நம்முடையதாக இருக்கக் கூடாது. வாசல்காரன் குழாயை விட்டு நாற்பத்திரண்டு லிட்டர் பாசியெண்ணெய் ஊற்றி, மூடி, முத்திரை வைப்பான். அதற்கு எரிபடி என்று பெயர். பதினான்கு டன் மீன், ஓடிக்கொண்டே இருக்கும் குளிர்ப்பெட்டி, கங்கைகொண்டான் கிடங்கு வரைக்கும் நூற்றிருபது கிலோமீட்டர். எல்லாவற்றுக்கும் அந்த நாற்பத்திரண்டுதான்.

தானோட்டி லாரி வந்து முப்பது வருஷம் ஆகிறது. பிறகு எதற்கு என்னைப் போல ஆட்கள் என்று கேட்கலாம். தானோட்டி இடித்தால் அதற்குச் சாலைக்காரன் பதில் சொல்ல வேண்டும். மனுஷன் ஓட்டி இடித்தால் மனுஷன் பதில் சொல்லிக்கொள்வான். அதற்காக எங்களை வைத்திருக்கிறார்கள். வேறு அருமை பெருமை ஒன்றும் கிடையாது.

எனக்கு முன்வண்டி எப்போதும் இசக்கிராஜா. என்னைவிட எட்டு வயது இளையவன், வாய் ஓயாதவன். வண்டிக்கு வண்டி பேசும் கருவியில் ஆரல்வாய்மொழி வரைக்கும் கதை அளந்துகொண்டே வருவான். ஆனி, ஆடியில் அந்தக் கணவாயில் மேற்குக் காற்று வண்டியின் முதுகைப் பிடித்துத் தள்ளும். ஆக்சிலேட்டரில் கால் பட வேண்டாம், வண்டி தானாக வள்ளியூர் போய் நிற்கும்.

"அண்ணாச்சி, காத்து இன்னைக்கு நம்ம மாமியார் வீட்டுச் சீர் மாதிரி அள்ளிக் குடுக்குல்லா," என்பான்.

"குடுக்கட்டும்ல. தாழையூத்துல திருப்பிக் குடுத்திருவோம்."

திருப்பிக் கொடுப்பது என்றால் இதுதான். தாழையூத்துக்கு அருகே கைவிடப்பட்ட எடைமேடை ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் ஓய்வெடுக்க அரை மணி நேரம் அங்கே நிற்கலாம் என்பது விதி. மீன் கெடக் கூடாது என்பதால் எஞ்சின் ஓடலாம். நாங்கள் குளிர்ப்பெட்டியை உச்சத்தில் வைத்து, எஞ்சினை உறுமவிட்டு, கீழே இறங்கித் தேநீர் குடிப்போம். மிச்சமான எண்ணெய் எரிந்து புகையாகப் போகும். அதற்கு மூச்சு விடுதல் என்று பெயர் வைத்திருந்தோம். கிடங்கு வாசலில் யாருடைய கணக்கும் நாற்பத்திரண்டுக்குக் கீழே இறங்காது. முப்பது பேர், பதினோரு வருஷம், ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். இந்தச் சாலைக்குச் சொந்தக்காரரான தென்தடம் நிறுவனத்தின் விதி தெரிந்தால் அப்படித் தெரியாது. ஒரு மாதத்தில் எவன் மிகக் குறைவாக எரிக்கிறானோ, அவனுடைய அளவுதான் அடுத்த மாதம் எல்லாருக்கும் எரிபடி. குறைந்தது ஏறியதாகச் சரித்திரமே இல்லை. வழியில் எண்ணெய் தீர்ந்து நின்றால் அத்துமீறல். வண்டி போகும், வேலை போகும், வழியுரிமையும் போகும்.

வழியுரிமை போனால் மனுஷன் செத்தான். இன்றைக்கு எந்தச் சாலை பொதுச்சாலை? வீட்டு வாசல்படி வரைக்கும் நம்முடையது, அதற்கப்பால் எவனோ ஒருவனுடையது. காலால் நடந்தாலும் உரிமை வேண்டும். ஓட்டுநருக்குத் தன்னுடைய உரிமையோடு வீட்டில் இன்னொருவருக்கும் உண்டு. இசக்கிராஜா அதை மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருந்தான். நான் ஜெபக்கனிக்குக் கொடுத்திருந்தேன்.

ஜெபக்கனி என் மனைவி. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நான்கு வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள் பாளையங்கோட்டைக்குப் போய் இயந்திரத்தில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு வாரம் போகாவிட்டால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டு வாரம் போகாவிட்டால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் நான் கேட்டதில்லை.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை. திருநெல்வேலியைத் தாண்டும்போது பாளையங்கோட்டை மருத்துவ மையத்திலிருந்து அழைப்பு. ஜெபக்கனிக்கு இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, நினைவில்லை, உடனே வாருங்கள் என்றாள் ஒரு பெண். மீனைச் சேர்க்காமல் வண்டியை விட்டு இறங்க முடியாது. நான் என்ன செய்வேன்? தாழையூத்து எடைமேடை வந்தது. இசக்கிராஜாவின் வண்டி அங்கே உறுமிக்கொண்டு நின்றது. அவன் கையைத் தூக்கி வா என்றான். மூச்சு விட நிற்க வேண்டும் என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை, நன்றாக நினைவிருந்தது. ஒரு நாள்தானே என்று நினைத்தேன். நிற்காமல் போய்விட்டேன்.

கிடங்கு வாசலில் கம்பியை விட்டு அளந்தவன் இரண்டாம் முறையும் அளந்தான். முப்பத்தாறு.

ஜெபக்கனிக்கு மத்தியானமே நினைவு வந்துவிட்டது. கண்ணைத் திறந்ததும், "சாப்பிட்டீயளா?" என்று கேட்டாள். அழுதுவிட்டேன்.

மறுநாள் மேலாளர் நிவேதன் கூப்பிட்டு அனுப்பினார். முப்பது வயதுப் பையன், வேர்த்துப் பார்த்திராத முகம். எழுந்து நின்று கைகொடுத்தார்.

"திரவியம் சார், பிரமாதம். பதினோரு வருஷத்துல இது முதல் தடவை. உங்க மனைவிக்கு ஆயுள் வழியுரிமை குடுக்கிறோம். நாளைக்கு நீங்க ஓய்வு பெற்றாலும், உங்களுக்கே ஏதாவது ஆனாலும், அவங்க பாளையங்கோட்டை போய்ட்டு வரலாம். இந்தச் சாதனை ஏட்டில் இருக்கிற வரைக்கும்."

பிறகு ஒரு படிவத்தைத் தள்ளினார். நான்கே கேள்வி. மூன்றாவது: இந்த ஓட்டத்தில் காற்று, சரிவு முதலிய இயற்கை உதவி இருந்ததா? ஆம், இல்லை.

"ஆம்னு போட்டா?"

"போட்டா இது சாதனை இல்ல சார். அடிச்சிருவோம். பழைய நாற்பத்திரண்டே இருக்கும்."

"நீங்களே காத்தை அளந்து பாக்க மாட்டியளா?"

சிரித்தார். "எங்க பொறுப்பு சாலை மட்டும்தான் சார். நீங்க சொன்னா சரி."

காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசை இல்லை. ஏன் இருக்கும்?

ஆம் என்று போட்டால், அதே காற்றில் வந்த மற்றவர்களுக்கு ஏன் குறையவில்லை என்று தோண்டுவார்கள், மூச்சு விடுவது வெளியே வரும், முப்பது பேர் வாயிலும் மண் விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் நினைத்தது ஜெபக்கனியை மட்டும்தான். எனக்கும் ஐம்பத்தாறு வயது. நான் விழுந்தால் அவளை யார் வாசல் தாண்டவிடுவார்கள்? இல்லை என்பதில் குறி போட்டேன்.

அடுத்த முதல் தேதி எல்லாருடைய தொட்டியிலும் முப்பத்தாறு லிட்டர் விழுந்தது. இசக்கிராஜா என் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, மயினிக்கு முடியல, ஓடுனிய. அது தப்பில்ல. ஆனா காத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"கேக்கவே இல்லல. கேட்டா சொல்லமாட்டனா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். "கேக்கலையா? பாவிப் பயலுவ," என்றான். நம்பிவிட்டான். என்னைத் திட்டிய மற்றவர்களிடமெல்லாம் எனக்காகச் சண்டை போட்டான். அவர் என்ன செய்வார், காற்றென்று எழுத இடமே கொடுக்கவில்லை என்று நான்கு பேர் காதில் படச் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு நான் சோறு தின்றேன்.

புரட்டாசிவரைக்கும் காற்று எங்களைக் காப்பாற்றியது. ஐப்பசியில் அது திரும்பி, முகத்தில் அடித்தது. ஆட்கள் என்னென்னவோ செய்தார்கள். கனம் குறைய மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி வீட்டில் போட்டார்கள். டயரில் வெடிக்கும் அளவுக்குக் காற்று அடித்தார்கள். வழவழப்பான டயர் லேசாக உருளும் என்று தேய்ந்ததைத் தேடிப் போட்டார்கள், அதுவும் அடைமழைக் காலத்தில். அப்படியும் மூன்று பேர் நாங்குநேரியில் நின்றுபோனார்கள். அவர்கள் குடும்பங்கள் இப்போது முட்டம் குடியிருப்பில் கதவுக்குள்ளேயே இருக்கின்றன.

இசக்கிராஜா ஒரு வழி கண்டுபிடித்தான். முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போனால் அது காற்றைக் கிழித்துக் கொடுக்கும். பின்வண்டிக்கு நான்கைந்து லிட்டர் மிச்சம்.

"எவ்வளவு ஒட்டில?" என்று கேட்டேன்.

"பதினஞ்சு அடி. அதுக்கு மேல விட்டா பிரயோசனம் இல்ல."

"பிரேக் போட நேரம் இருக்காதே, மடையா."

"முப்பத்தாறுல நேரத்துக்கும் எண்ணெய் வேணும் அண்ணாச்சி," என்று சிரித்தான்.

பதினேழு நாள் அப்படி ஓட்டினான். பதினெட்டாவது நாள் காலை எட்டு மணிக்கு, பணகுடிக்கு அருகே, முன்வண்டிக்காரன் குறுக்கே வந்த ஒரு மாட்டுக்காகப் பிரேக்கை மிதித்தான். மாடு பிழைத்துக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது இசக்கிராஜாவின் ஓட்டுநர் அறை முன்வண்டியின் குளிர்ப்பெட்டிக்குள் போயிருந்தது. சாலை முழுக்க மீன். என்னை அங்கே நிற்கவிடவில்லை. நின்றால் அத்துமீறல் என்று கருவி கத்தியது. நின்றால் எண்ணெய் எரியும் என்பதும் எனக்குத் தோன்றியது. தோன்றியதே என்று இன்றைக்கும் என்னைக் காறித் துப்பத் தோன்றுகிறது.

விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் பயிற்சிக் குறைவு என்று நிறுவனம் எழுதியது. அதற்கு மருந்தாக ஒரு வகுப்பு. பாடம் நடத்த என்னை விட்டால் வேறு யார்? சாதனையாளன் அல்லவா நான்!

வகுப்பு கங்கைகொண்டான் கிடங்கில், காலை பத்து மணிக்கு. சுவரில் எழுதியிருந்தது: ‘தனிச்சாலையில் சரக்கு வண்டியைப் பாதுகாப்பாகவும் சிக்கனமாகவும் ஓட்டும் முறை.’ இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் முப்பிடாதி, இசக்கிராஜாவின் மனைவி. அவளுக்கும் கனரக உரிமம் உண்டு, கல்யாணத்துக்கு முன் தண்ணீர் லாரி ஓட்டியவள். மகள் பள்ளிக்கூடம் போக வேண்டுமானால் வீட்டில் ஒருவர் தென்தடத்தில் ஓட்டியாக வேண்டும். புருஷனின் இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். பின்வரிசையில் நிவேதன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நடத்தினேன். தினமும் டயர்க்காற்றைப் பாருங்கள் என்றேன். வேகத்தைக் குறைக்கப் பிரேக்கை நம்பாமல் முன்கூட்டியே காலை எடுங்கள் என்றேன். முன்வண்டிக்கும் உங்களுக்கும் நான்கு விநாடி இடைவெளி விடுங்கள் என்றேன். எல்லாம் சரியான பாடம்தான், ஒரு சொல்கூடத் தப்பில்லை.

முப்பிடாதி கையைத் தூக்கினாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுத்த தாள்கட்டில் அந்தப் படிவமும் இருந்திருக்கிறது.

"அண்ணாச்சி, இதுல மூணாவது கேள்வி, காத்து உதவுச்சான்னு கேட்டிருக்கே. இது இப்பப் புதுசா சேத்ததா?"

பின்னாலிருந்து நிவேதன் பதில் சொன்னார். "இல்லம்மா, ஆரம்பத்திலேர்ந்தே இருக்கு."

நாற்காலிகள் அசைந்தன. முப்பிடாதி அவர் பக்கம் திரும்பவில்லை, என்னையே பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரவிய, உங்ககிட்ட கேக்கவே இல்லன்னு சொன்னாவளே."

"ம்."

"சரி, அதை விடுங்க. இப்ப ஆம்னு மாத்த முடியுமா?"

"அவர் எப்ப வேணும்னாலும் மாத்தலாம்," என்றார் நிவேதன். "சாதனையும் போகும், சலுகையும் போகும். அவர் இஷ்டம்."

சலுகை என்றால் ஜெபக்கனி. அன்றைக்கு வியாழக்கிழமை. அந்த நேரத்தில் அவள் பாளையங்கோட்டையில் கையில் ஊசியோடு படுத்திருப்பாள். எதிர்க்காற்று கூடிக்கொண்டே போகிறது, என் வண்டியும் ஒரு நாள் வழியில் நிற்கத்தான் போகிறது. அப்புறம் அவளுக்கு அந்தத் தாள் ஒன்றுதான் மிஞ்சும். இருபத்தைந்து பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அவர்களுக்குக் காற்று தெரியும், ஆடி மாதம் தெரியும்.

"அன்னைக்குக் காத்தே இல்லம்மா," என்றேன்.

முப்பிடாதி அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அதையாவது செய்திருக்கலாம். நோட்டைப் பிரித்து, பேனாவை எடுத்தாள். மறுநாள் காலை அவளுடைய முதல் ஓட்டம்.

"நாலு விநாடி விடச் சொன்னிய. அவ்வளவு விட்டா இந்த எதிர்க்காத்துல முப்பத்தாறுல போய்ச் சேர முடியாது அண்ணாச்சி. எனக்குப் பிள்ளை இருக்கு. எவ்வளவு விடணும்னு சரியா சொல்லுங்க."

நிவேதன் மறுபடியும் கைப்பேசியில் மூழ்கியிருந்தார்.

"பதினஞ்சு அடி," என்றேன்.

எழுதிக்கொண்டாள்.