பதினாலாம் நம்பர் பஸ்ஸில் ஓர் இடம்

"என்ன கேட்டாலும் வாரியத்துக்காரங்க பதில் சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்க. காது மட்டும்தான் கொடுப்பாங்க. பச்சை விளக்கு எரிஞ்சா பேசு. மஞ்சள் வந்தா முடிக்கப் பாரு. சிவப்பு வந்தா வாயை மூடிக்கோ. மொத்தம் மூணே நிமிஷம்!"

"பதிலே வராதுன்னா எதுக்குக் கேக்கணும், மிஸ் வெர்னா?"

"நீ கேட்டாத்தான் அப்புறமா கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்க. கேக்கலைன்னா அதுவும் இல்லை."

டான்சி பெருமூச்சு விட்டாள். அவளுக்குப் பத்து வயது. மிஸ் வெர்னா, அவள் தினமும் போகும் பதினாலாம் நம்பர் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர்.

அன்று கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், பள்ளி வாரியக் கூட்டம் டான்சியின் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்திலேயே நடந்தது. மத்தியானத்துப் பீட்சா வாசனை இன்னும் போகவில்லை. குழந்தைகளின் குட்டி பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி பெஞ்சில் அம்மா லோரெட்டா தலை குனிந்திருந்தாள். அவள் கவுண்டிக் கல்லூரியில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். கார் செத்துப்போய் ஒரு மாதமாகிறது. இப்போது தோழியின் காரில் போய்வருகிறாள். தோழியோ வெள்ளிக்கிழமை வேறு ஊருக்குக் குடிபோகிறாள். பிறகு படிப்புக்கு முழுக்குத்தான்.

"யார்கிட்டயும் கையேந்தாதடி" என்று காலையில்கூட அம்மா சொன்னாள்.

டான்சிக்கு முன்னால் பேசியவர் கால்பந்து மைதானத்துப் புல்லைப் பற்றி மூன்று நிமிடமும் பொரிந்து தள்ளினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "இன்னும் பாதிப் புல் பாக்கி இருக்கு!" என்றார். கூடம் சிரித்தது.

"அடுத்து, டான்சி ராட்லிஃப்" என்றார் தலைவர் கூம்ஸ்.

ஒலிவாங்கி அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. அவள் எக்கி நின்றாள். பச்சை விளக்கு. எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தாள். அதை மடித்துப் பையில் போட்டாள்.

"எங்க பஸ் சின்னப் பிள்ளைங்களை இங்க இறக்கிவிட்டுட்டு, பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும். அதுக்கு எதிர்லதான் காலேஜ். பஸ்ஸுல பதினோரு இடம் எப்பவும் காலி. ஆனா பெரியவங்க ஏறக் கூடாதுன்னு விதி இருக்காம்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பாலர் வகுப்பு வேட், மலைவளைவு வந்தாலே வாந்தி எடுப்பான். நேத்து என் ஷூ மேல. மிஸ் வெர்னா வண்டி ஓட்டுவாங்களா, வாளி பிடிப்பாங்களா?"

"ரெண்டும் பண்ணிப் பாத்தாச்சு!" என்று பின்னாலிருந்து மிஸ் வெர்னா குரல் கொடுத்தாள். மறுபடி சிரிப்பு.

"எங்கம்மாவுக்கு வாந்தி, காய்ச்சல், அழுகை எல்லாம் பாக்கத் தெரியும். காலேஜுல அதைத்தான் படிக்கிறாங்க. வேட் பக்கத்துல உக்காந்து அவனைப் பாத்துக்குவாங்க. சும்மா வர மாட்டாங்க."

மஞ்சள் விளக்கு எரிந்தது. டான்சி திரும்பிப் பார்த்தாள். அம்மா தலை நிமிர்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'சொல்லு' என்பதுபோல் தலையசைத்தாள்.

கூம்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதில் சொல்லாத வழக்கம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, சட்டென்று மூடிக்கொண்டார்.

டான்சி இன்னும் கொஞ்சம் எக்கினாள்.

"ஐயா, திங்கக்கிழமையிலேருந்து அந்தப் பதினோரு இடத்துல ஒண்ணை எங்கம்மாவுக்குக் கொடுங்களேன்?"